சட்ட உதவி வழக்கறிஞரும் தோழர்களின் கடமையும்

(சட்டப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மறியலிலும் வேலைநிறுத்தத்திலும் கைதாகிறவர்களுக்கு இயக்கத்தின் வழக்கறிஞர் வந்துவிடுகிறார். திருட்டுப் பழியிலோ தெருச் சண்டையிலோ தனியே சிக்கிக்கொள்ளும் ஏழைக்கு வருகிறவர், பெரும்பாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு அனுப்பும் வழக்கறிஞரே. அவரை ‘இலவச வக்கீல்’ என்று இளக்காரமாகப் பேசும் பழக்கம் அணிகளிலும் உண்டு. அந்த இளக்காரத்தின் விலையைக் கொடுப்பவர் கைதிதான்.

இந்த உதவி எவருடைய தயவும் அன்று. பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட கொடுமை குறித்த வழக்கில், நடுவர் முன் முதன்முதலாக நிறுத்தப்படும்போதே சட்ட உதவி தரப்பட வேண்டும் என்று 1980இல் உச்சநீதிமன்றம் கூறியது. கைதி கேட்கவில்லை என்பதைக் காரணமாக்கி உதவியை மறுக்க முடியாது என்பதை 1986இல் சுக் தாஸ் வழக்கு நிலைநாட்டியது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை.

ஏட்டில் உள்ள உரிமை நீதிமன்றத்தில் என்னவாகிறது? மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவில் 2013இல், கொலை வழக்கில் ஓர் இளைஞருக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. கட்டைப் படிக்கவும் நேரமில்லை. இரண்டு வாரங்களுக்குள் விசாரணை முடிந்து தூக்குத் தண்டனையும் வந்தது. 2019இல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க வழக்குகளில், தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றது. மறுவிசாரணைக்குப் பின் 2024இல் அவர் விடுதலையானார். பதினொரு ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

அங்கே குறைந்தது காலம் மட்டுமா? உண்மைகளைத் திரட்டி வழக்கறிஞரிடம் சேர்க்கும் கைகளும்தாம். வருகைப் பதிவேடு, மருத்துவச் சீட்டு, பேருந்துச் சீட்டு, வயதைக் காட்டும் பள்ளிச் சான்று ஆகியவற்றை நூறு கட்டுகளைச் சுமக்கும் வழக்கறிஞர் தேடிப் போக மாட்டார். வெளிமாநிலத் தொழிலாளியானால் மொழி தெரிந்த தோழர் ஒருவர் உடன் வேண்டும். கைதான நாளை எழுதி வைக்க வேண்டும். குற்றத்திற்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை உரிமையாகிறது. தாக்கலாகுமுன் அதைக் கேட்டாக வேண்டும். நாளை எண்ணத் தவறிச் சிறையிலேயே கிடப்பவர் உண்டு.

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. வழக்கறிஞரின் கட்சிக்காரர் கைதியே. கிளைச் செயலாளர் அல்லர். கூண்டில் நின்று முழங்க வேண்டுமா, பிணைக்கு மனுச் செய்ய வேண்டுமா என்பதை முடிவு செய்யும் உரிமை கைதிக்கே உரியது. வழக்கறிஞரிடம் அவர் தனியே சொன்னதைக் கிளைக்கூட்டத்தில் கேட்டு வாங்குவது பெருந்தவறு. சாட்சிகளிடம் சென்று ‘இப்படிச் சொல்’ என்பது அதனினும் ஆபத்து. அது கைதியின் மேலேயே திரும்பும்.

வழக்கறிஞர் வாய்தாவுக்கு வராவிட்டால்? நீதிமன்ற வாசலில் கூச்சலிட வேண்டியதில்லை. வராத தேதிகளைக் குறித்து, கைதியின் கையொப்பத்துடன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு மனுத் தந்து வேறொருவரைக் கேட்கலாம். மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.