டிராக்டர்ப் பெட்டியில் ஆட்களை ஏற்றலாமா?



நடவுக் காலத்தில் டிராக்டரின் பின்பெட்டியில் இருபது, முப்பது பேர் நின்றபடி செல்வதைக் காண்கிறோம். காதுகுத்துக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் அதே பெட்டிதான். பஸ் வராத ஊரில் வேறென்ன செய்வது என்று நாமே கேட்டிருக்கிறோம்.

நாம் அஞ்ச வேண்டியது அபராதத்துக்கு மட்டுமன்று. சரக்கு வண்டிக்குக் கட்டிய இன்ஷூரன்ஸ், அதில் இனாமாக ஏறியவர்களைக் காக்காது. 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிற்று. கூலியாட்கள் விஷயத்திலும், தனிப் பிரீமியம் கட்டாதவரை நம்பியிருப்பதற்கில்லை. பெட்டி கவிழ்ந்து உயிர் போனால், நஷ்டஈட்டின் பொறுப்பு இறுதியில் வண்டிச் சொந்தக்காரரையே சாரும். அவர் நிலத்தை விற்றுக் கொடுக்க வேண்டியதுதான். விற்க நிலமில்லாதவரிடம் அந்தக் குடும்பம் எதைப் பெறும்?

ஒரு விலக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தப்படி, சரக்குக்கு உரியவரோ அவருடைய பிரதிநிதியோ அச்சரக்குடன் சென்றால் பாதுகாப்பு உண்டு. நெல் மூட்டைகளை ஏற்றிவிட்டு லாரி ஓட்டுநர் அருகில் அமர்ந்து செல்லும் விவசாயி இதில் அடங்குவார். மூட்டைகளின் மேல் படுத்துச் செல்பவர் இவ்விலக்கை நம்பலாகாது. பாரமும் அளவுக்கு மிஞ்சலாகாது. மிஞ்சினால், 2019 திருத்தப்படி ரூ.20,000 அபராதம், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. மிகுதியை இறக்கும் செலவும் தனி.

பஸ் இல்லாத ஊர்ப் பஞ்சாயத்துகள் நடவு தொடங்குமுன்பே தீர்மானம் நிறைவேற்றி, வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் சேர்ப்பித்தல் நன்று. அதுவரை வாடகை வேனின் செலவையும் நடவுக் கூலியோடு சேர்த்தே நாம் கணக்கிட வேண்டும்.