எத்தனை நாள் பாக்கி இருக்கிறது?



வக்கீல் ஆபீசுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், கேஸ் ஜெயிச்சுடுமா?" எதிராளி பெட்டியில் என்ன காகிதம் வைத்திருக்கிறார் என்று தெரியாமல் எந்த வக்கீலும் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. "கட்டாயம் ஜெயிக்கும்" என்று உடனே சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள். முதலில் கேட்க வேண்டியது வேறொன்று. "எனக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி இருக்கிறது?" நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும், நாளைத் தவறவிட்டு வெறுங்கையோடு போகிறவர்கள் நம் ஊர் கோர்ட்டுகளில் நிறையப் பேர்.

கைமாற்றுக் கடனை எடுத்துக்கொள்வோம். நாலாக மடித்த புரோநோட்டை ஒருவர் மேஜைமேல் வைப்பார். மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கும். ரெவின்யூ ஸ்டாம்ப்மேல் கையெழுத்து, கீழே இரண்டு சாட்சி, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வக்கீலின் கண் நேரே தேதிக்குப் போகும். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் ஆயுள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வைத்த கெடு அது. அந்த 3 வருடத்துக்குள் கடன்காரர் கொஞ்சம் பணம் கொடுத்து, அதைப் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும்.

"வட்டி மாசாமாசம் வந்துட்டுத்தான் சார் இருந்துச்சு, கடைசி வருஷம்தான் இழுத்துட்டான்" என்பார் வந்தவர். வந்த வட்டிக்கு ஒரு வரி எழுத்து இருக்காது. பின்பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். சொந்தக்காரனிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விலை சில சமயம் மூன்று லட்சம், சில சமயம் ஐந்து லட்சம்.

செக் விஷயத்தில் கெடு இன்னும் இறுக்கமானது. பணம் இல்லை என்று செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த நாள் முதல் 30 நாளுக்குள், செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு அவருக்கு 15 நாள் அவகாசம். அப்போதும் பணம் வரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வழக்கு என்று பேப்பரில் படிக்கிறோமே, அது இதுதான். புகார் கொடுப்பதில் தாமதமானால் காரணம் காட்டி கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம். நோட்டீசுக்கான 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லை என்றால் அதையே மறுபடி பேங்கில் போடலாம். மறுபடி திரும்பினால் நாள் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். 2012-இல் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது.

எதிர்ப்பக்கம் இருக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. கடன் வாங்கும்போது நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "தொகையை நான் எழுதவே இல்லை சார், அவனே எழுதிக்கிட்டான்" என்று வருகிறார்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். மீதியை யார் நிரப்பினார்கள் என்பதால் செக் செல்லாமல் போகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடன் இல்லை, தீர்ந்துவிட்டது என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். கடன் தீர்ந்த அன்றே செக்கையும் நோட்டையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். "அப்புறம் தேடித் தர்றேன்" என்று சொன்னால், பணம் முழுதும் வந்தது என்றாவது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இதே கதைதான். அவனைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பேங்க் நேரே ஜாமீன்தாரரிடமே வரலாம்.

இனி சொத்து. "கல்யாணத்துக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே, அவளுக்கு இன்னும் என்ன பங்கு?" என்று அண்ணன்மார்கள் கேட்கிறார்கள். தங்கைகளும், தங்களுக்குப் பங்கு இல்லை என்றே நம்பிக்கொண்டு வருகிறார்கள். சீருக்கும் பங்குக்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இலேயே கொண்டுவந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-ஆம் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற விசித்திரம் பல வருடம் நடந்தது. 2005-இல் மத்திய அரசு செய்த திருத்தம் அந்தக் கல்யாணத் தேதிக் கணக்கை எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு பல கோர்ட்டுகளைச் சுற்றி வந்தது. அவசியமில்லை, மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்துமுடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் அப்படியே நிற்கும். அப்பா தானே சம்பாதித்த சொத்து என்றால் கதை வேறு. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் எழுதாமல் போய்விட்டால் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் இருந்தால் தாயார், எல்லோருக்கும் சமமாகப் போகும்.

இவ்வளவு உரிமையும் ஒரு காலை நேரத்தில் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அப்பா இறந்து கருமாதி முடிந்திருக்கும். "சும்மா ஒரு கையெழுத்தும்மா, பட்டா மாத்தத்தான்" என்று சொல்லித் தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே பதிவாவது விடுதலைப் பத்திரம். தன் பங்கை முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டதாக அந்தப் பெண் எழுதித் தந்திருப்பார். மதியம் எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் ஏமாற்றம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் கோர்ட்டுக்கு வர வேண்டும். அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று யோசிப்பதிலேயே அந்த 3 வருடம் போய்விடுகிறது. பத்திரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பெருவிரலைக்கூட வைக்காதீர்கள்.

வாடகை விஷயத்தில் இரண்டே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 12 வருடம் குடியிருந்தால் வீடு குடித்தனக்காரருக்கே சொந்தமாகிவிடுமா? ஆகாது. வாடகை கொடுத்து, அனுமதியோடு இருக்கிறவருக்கு அந்த 12 வருடக் கணக்கு பொருந்தாது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தலாமா? கூடாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யவும் சொல்கிறது. 11 மாத ஒப்பந்தம் போட்டால் எதையும் பதிய வேண்டாம் என்ற பழைய பழக்கத்தை இன்னும் பலர் விடவில்லை.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். திருட்டு, கொள்ளை போன்ற, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. எங்கள் எல்லையில்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

ஒரு நாள் உங்கள் வீட்டுக்கே வக்கீல் நோட்டீஸ் வருகிறது என்று வையுங்கள். பாதிப்பேர் செய்வது, தபால்காரரிடம் "வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க" என்பது. சரியான முகவரிக்கு வந்ததை வாங்க மறுத்தால், வாங்கியதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். நோட்டீஸ் என்பது எதிராளியின் வக்கீல் எழுதிய கடிதம்தான். அதைப் படிப்பதால் எதுவும் குடிமுழுகிப் போகாது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது இலவசமாகத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். கோர்ட்டிலிருந்து வரும் சம்மன் வேறு. அமீனா வரும்போது பின்வாசல் வழியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு அவர் போய்விடுவார், வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகும். அப்படி வந்த தீர்ப்பை நீக்கக் கேட்பதற்கும் 30 நாள் என்று ஒரு கெடு உண்டு.

சரி, நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆன்லைனில் நட்சத்திரக் குறி போட்டு வக்கீல்களைப் பட்டியலிடும் தளங்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவே போட்டது. ஆகவே போனைத் தடவி இதைத் தெரிந்துகொள்ள முடியாது. நான் சொல்லும் வழி பழையது. உங்கள் வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகுமோ, அங்கே ஒரு காலைப் பொழுது பின்பெஞ்சில் உட்காருங்கள். கோர்ட் ஹால் பொதுமக்களுக்குத் திறந்ததுதான். வழக்கு எண் கூப்பிட்டதும் யார் கட்டோடு எழுந்து நிற்கிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா மட்டும் வாங்குகிறார் என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது, நடந்ததைத் தேதி வரிசையில் ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திருப்பி எடுத்து வாருங்கள். பிற்பாடு கோர்ட்டில் தாக்கல் செய்ய ஒரிஜினல் கொடுக்கும்போது பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்குப் பாதகமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பணம் ஏற்கெனவே வாங்கியதை மறைத்துவிட்டு வருகிறார்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ரசீதை நீட்டும்போதுதான் சொந்த வக்கீலுக்கே அது தெரிகிறது. நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியில் சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே தடுக்கிறது. பிறகு என்ன தயக்கம்?

ஃபீஸ் பேச வெட்கப்பட வேண்டாம். ஃபீஸ் எவ்வளவு, அதைத் தவிர கோர்ட் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்குக் கோர்ட் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய். 2017 வரை ஏழரை ரூபாயாக இருந்தது. "வர்றதுல பத்து பர்சென்ட் குடுங்க" என்று பேசுவது இங்கே விதிமீறல். ஜெயிப்பதைப் பொறுத்துப் பங்கு கேட்க வக்கீலுக்கு உரிமையில்லை. வக்கீலைப் பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளலாம். ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை அவர் தனியாகத்தான் கேட்க வேண்டும். வக்கீல் மேல் புகார் என்றால் நுகர்வோர் கோர்ட்டில் இடமில்லை. 2024 மே மாதத் தீர்ப்பு அந்தக் கதவை மூடிவிட்டது. தொழில் ஒழுங்கு சம்பந்தப்பட்டது என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்து மூலம் கொடுக்கலாம்.

கையில் பணம் இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று பலகை தொங்கும் அறையைத் தேடுங்கள். தாலுகா கோர்ட்டாக இருந்தால் வட்ட சட்டப்பணிகள் குழு. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். இவர்களுக்கு வருமானச் சான்று கேட்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அங்கேயே மக்கள் நீதிமன்றமும் நடக்கும். செக் வழக்கு, விபத்து இழப்பீடு, பேங்க் கடன் போன்றவை ஒரே நாளில் பேசி முடிகின்றன. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம். அங்கே சமரசமாகிப் போட்ட உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. சுற்றிலும் கூட்டம், சத்தம், அடுத்த வழக்கைக் கூப்பிடுகிற அவசரம் எல்லாம் இருக்கும். இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் எவ்வளவு தொகை, எத்தனை தவணை, எந்தத் தேதிக்குள், ஒரு தவணை தவறினால் என்ன என்ற நான்கையும் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.