முகாம் முகவரியில் ஒரு பட்டதாரி

பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

உங்கள் வகுப்பில் படித்த சிலரின் முகவரியில் 'முகாம்' என்று இருந்திருக்கும். அவர்களைப் பற்றிப் பேசத்தான் இந்த மேடையை எடுத்துக்கொள்கிறேன்.

1983 ஜூலைக் கலவரம் தொடங்கி 2009இல் போர் முடியும்வரை, இலங்கையிலிருந்து அலை அலையாகத் தமிழ்நாட்டுக்கு அகதிகளாக வந்த தமிழர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். பலர் ஊர் திரும்பினார்கள். பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். மிஞ்சியவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மண்டபம், பவானிசாகர், கும்மிடிப்பூண்டி என்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருந்துவந்திருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். அவர்களுடைய முன்னோர் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியதே இந்த மண்ணிலிருந்துதான்.

ஜெர்மனிக்குப் போன சிரிய அகதிக்கு அந்த நாடு பொதுவாக 600 மணி நேர மொழி வகுப்பு வைக்கிறது. நம்மிடம் வந்தவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. மொழி ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, கும்பிடும் சாமியும் பெரும்பாலும் ஒன்று. இருந்தும் நாற்பது ஆண்டுகளாக ஊர் வேறு, முகாம் வேறு என்றுதான் இருக்கிறது. அவர்கள் நம்மோடு சேர வேண்டிய அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள். சேர்த்துக்கொள்ளாதது நாம்தான்.

சட்டத்தைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ இந்தியராக இருந்தாக வேண்டும்; 2004 டிசம்பருக்குப் பின் நிபந்தனை இன்னும் இறுகியது. மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1க்கு முன் பிறந்ததால் நீதிமன்றம் சென்று பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதே முகாமில், அதே தாய்க்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறக்கும் பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. இது அநீதி என்பதே என் கருத்து.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் கல்வியை விடவில்லை. 1984இல் சந்திரகாசன் என்பவர் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் பிள்ளைகளின் படிப்பைத் தன் முதன்மைப் பணிகளில் ஒன்றாக வைத்தது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அவர்களுக்குக் கல்லூரிக் கதவுகள் மூடப்பட்டன. அது முகாம் பிள்ளைகள் செய்த குற்றம் அல்ல. ஆனாலும் தண்டனை பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு. கதவு மறுபடி திறந்தபோது பலருக்குப் படிக்கும் வயது கடந்திருந்தது.

2021க்குப் பின் மாநில அரசு முகாம்களில் புதிய வீடுகள் கட்டித்தருகிறது, படிப்புக்கும் உதவுகிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் படித்துப் பொறியியல் முடித்தவர், நேர்முகத் தேர்வில் 'பாஸ்போர்ட் இருக்கிறதா?' என்ற கேள்வியோடு திரும்பிவந்து, அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போவது இன்னும் நிற்கவில்லை. வெளியூரில் வேலை கிடைத்தாலும் முகாமில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும் தணிக்கைக்கு நேரில் வந்து நிற்க வேண்டும் என்ற கவலை வேறு.

குடியுரிமை தருவது தில்லியின் கையில். மற்றவை உங்கள் கையில் வரப்போகின்றன. உங்களில் சிலர் நிறுவனங்களில் ஆள் எடுப்பீர்கள், சிலர் வங்கியில் கடன் மனு பார்ப்பீர்கள், சிலர் வருவாய்த் துறையில் சான்றிதழில் கையெழுத்திடுவீர்கள், பலர் வீடு வாடகைக்கு விடுவீர்கள். முகாம் முகவரியோடு ஒரு விண்ணப்பம் வந்தால், அதை ஓரம் வைக்காமல் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். அதில் இருக்கும் மதிப்பெண் பட்டியல் நம் பள்ளி கொடுத்தது; அடையாள அட்டை நம் அரசு கொடுத்தது. விதி இடம் கொடுக்கிறதா என்று மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

முகாமிலிருந்து வந்து இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களுக்கும் உங்களைப் படிக்கவைத்த தாய் தந்தையருக்கும் என் தனிப்பட்ட வாழ்த்துகள்.