இருளைத் தண்டனையாக்கலாமா?

(கனமூலையில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இது தேர்தலுக்காகக் கூட்டப்பட்ட கூட்டமன்று. உங்களிடம் வாக்குக் கேட்க நாம் வரவில்லை. உங்கள் வீட்டுக் கூரையிடுக்கில் செருகி வைத்திருக்கிறீர்களே, அந்த மின்சாரப் பட்டியலைப் பற்றிப் பேசவே வந்தோம். "பட்டியல் வீட்டு விவகாரமன்றோ, அதற்கு மேடை எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு வீட்டில் விளக்கு அணைந்தால் அது வீட்டு விவகாரம். ஒரே ஆண்டில் இலட்சக்கணக்கான வீடுகளில் விளக்கு அணைந்தால் அது நாட்டு விவகாரம். 2023ஆம் ஆண்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புகள் கட்டணம் செலுத்தாமையால் துண்டிக்கப்பட்டன என்று நாடாளுமன்ற மேற்பார்வைக் குழு முன்னிலையிலேயே தெரிவிக்கப்பட்டது. அத்தனை குடும்பங்களும் ஒரே ஆண்டில் நாணயம் கெட்டவர்களாகி விட்டார்களா? இல்லை. விலை அவர்களுடைய வருவாயைத் தாண்டி ஓடிவிட்டது.

களப்புக்கு அப்பால் நுரைச்சோலை இருக்கிறது. 2011இல் முதற்கட்டமும் 2014இல் முழுமையும் பெற்ற அந்த அனல் மின் நிலையம் 900 மெகாவாட் ஆற்றல் கொண்டது. இலங்கையின் மிகப் பெரிய மின் நிலையம் அதுவே. அங்கு பிறக்கும் மின்சாரம் வேயன்கொடைக்கும் அதற்கப்பாலும் போய்ப் பெருநகரங்களை ஒளிரச் செய்கிறது. அதன் புகையையும் சாம்பலையும் பற்றி முறையிட்டு வருவோர் இம்மாவட்டத்து மக்கள். அந்த மக்களின் வீட்டில், சில ஆயிரம் ரூபாய் நிலுவைக்காக, பிள்ளை குப்பி விளக்கில் படிக்க நேரிடுகிறது. விளக்கு நிலையத்தின் அடியிலேயே இருள் என்பது இதுதான்!

கணக்கைப் பாருங்கள்

மாதம் 30 அலகு மாத்திரம் செலவிடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று விளக்குகள், ஒரு மின்விசிறி, ஒரு தொலைபேசி. 2022 ஆகஸ்டு வரை அவ்வீட்டின் மாதப் பட்டியல் நிலையான கட்டணம் உட்பட 105 ரூபாய். அவ்வாகஸ்டில் அது 360 ரூபாயாயிற்று. 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாயாயிற்று! ஏழு மாதத்துக்குள் பன்னிரண்டு மடங்கு.

அரசாங்கம் என்ன சொல்லிற்று? ஆகஸ்டில் "சராசரி 75 சதவீத உயர்வு" என்றது. பெப்ரவரியில் "சராசரி 66 சதவீத உயர்வு" என்றது. சராசரி என்பது பொல்லாத சொல். முழங்கால் ஆழமுள்ள களப்பிலும் ஆள் மூழ்கும் கிடங்கு உண்டு என்பதை மீன்பிடிக்கும் நீங்கள் அறிவீர்கள். அந்தக் கிடங்கில் விழுந்தவன் ஏழை.

நாம் நியாயத்தை மறைத்துப் பேச வரவில்லை. ஏழை வீட்டின் பழைய விலை உற்பத்திச் செலவுக்கு மிகவும் குறைவானது. 2013க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் கட்டண உயர்வே இல்லாது காலம் கடந்தது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது கைவிரித்தபோது, நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் டொலர் இல்லை. விலையைத் திருத்தவேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒன்பது ஆண்டுகளின் தவறு ஏழு மாதத்தில், அதுவும் தவற்றில் பங்கில்லாதவன் தலையில், ஏன் இறக்கப்பட்டது என்பதே நம் கேள்வி.

பின்னர் விலை இறங்கியது. அதே 30 அலகுக்கு 2023 ஜூலையில் 450 ரூபாய். 2025 ஜூன் கட்டணப்படி 215 ரூபாய். நல்லது. ஆனால் விலை இறங்கியபோது பழைய நிலுவையும் சேர்ந்து இறங்கிற்றா? இல்லை. 1,300 ரூபாய்க் காலத்தின் கடன் 1,300 ரூபாய்க் கடனாகவே நின்றது. அதைத் தீர்க்கத் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று, ஆடு விற்கப்பட்டது. நாட்டின் கடனுக்கு வெளிநாடுகள் தவணை கொடுத்தன. வீட்டின் கடனுக்குத் தவணை கொடுப்பார் யார்?

கடன் குற்றமன்று

நீதிமன்றங்களில் இருபதாண்டுகளாக நின்று பழகிய நாம் ஒன்றைச் சொல்லுகிறோம். கடைக்காரருக்கு நீங்கள் ஐயாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தால், அவர் உங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. சிறு தொகைப் பிணக்கு பொதுவாக மத்தியஸ்த சபைக்குப் போகும். அங்கே இருதரப்பும் பேசும், தவணை பிறக்கும். வழக்குக்குப் போனாலும் அழைப்பாணை வரும், மறுமொழி சொல்ல நாள் கிடைக்கும். மின்சாரக் கடனுக்கு மாத்திரம் ஒரு சிவப்பு அறிவித்தலும் ஒரு குறடும் போதும்.

அண்மையில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். கணவர் இறந்து இரண்டாண்டு. மின் கணக்கு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. சிவப்பு அறிவித்தல் வந்தபோது அதை வாசிக்க அவருக்கு ஆளில்லை. அது இன்னதென்று தெரிந்தபோது இணைப்பு இல்லை. நிலுவையோடு மீளிணைப்புக் கட்டணமும் சேர்ந்தது. மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு அடுத்த வீட்டுத் திண்ணையில் இருந்து படித்தாள். "ஐயா, நான் தரமாட்டேன் என்று சொல்லவில்லையே, கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்று சொல்ல யாரிடம் போவது?" என்று அந்தத் தாய் கேட்டார். இந்தக் கேள்விக்கு விடை தேடவே இக்கூட்டம். இடர்ப்பட்ட கடனாளிக்குத் தவணை கொடுப்பது அறம் என்பதைத் திருக்குர்ஆனைக் கற்ற இவ்வூர்ப் பெரியோருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அந்த அறம் சட்டத்திலும் ஏறவேண்டும் என்பதே நம் வாதம்.

முற்பண மானி

"இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் மருந்து இருக்கிறது, முற்பணம் செலுத்தும் மானியைப் பொருத்துவோம், கைத்தொலைபேசிக்குக் காசு போடுவதுபோல் மின்சாரத்துக்கும் போட்டுக்கொள்ளலாம், கடனே வராது" என்று சொல்லுவோர் உளர். கேட்பதற்கு இனிக்கிறது. சிலருக்கு அது வசதியும்கூட: நாட்கூலி பெறுபவர் நாட்காசில் வாங்கலாம், வாடகை வீட்டார் பழைய குடியிருந்தவரின் கடனைச் சுமக்க வேண்டியதில்லை. இவற்றை மறுக்கவில்லை.

ஆனால் காசு தீர்ந்தால் என்ன நேரும்? மானி தானே விளக்கை அணைத்துவிடும். அறிவித்தல் இல்லை, அதிகாரி இல்லை, "இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்" என்று கேட்க எதிரில் ஒரு மனிதர் இல்லை. துண்டிப்பவனும் நீ, துண்டிக்கப்படுபவனும் நீ. அந்த இருள் எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாது.

செல்வம் மிக்க பிரித்தானியாவில் நடந்ததைக் கேளுங்கள். நம்மவர் பல்லாயிரவர் வாழும் நாடு அது. 2022ஆம் ஆண்டில் முற்பண மானியில் போடக் காசின்றி விளக்கும் அடுப்பும் அணைந்தோர் 32 இலட்சம் பேர் என்று அங்குள்ள ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ என்னும் மக்கள் ஆலோசனை அமைப்பு மதிப்பிட்டது. கடன்பட்டவர் வீட்டுக்குள் நீதிவான் கட்டளையோடு புகுந்து வலிந்து அம்மானியைப் பொருத்தினார்கள். நோயாளிகளின் வீடுகளும் தப்பவில்லை என்பது 2023 பெப்ரவரியில் பத்திரிகையொன்றால் அம்பலமாயிற்று. நாடு கொதித்தது, வலிந்து பொருத்துதல் நிறுத்திவைக்கப்பட்டது. துணையின்றி வாழும் 75 வயதைக் கடந்தோர் வீட்டிலும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டிலும் அதை வலிந்து பொருத்தலாகாது என்ற விதி அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்தது. முதலில் துன்பம், பின்னர் விதி. நமக்கு அந்த வரிசை வேண்டாம்.

அடுத்தடுத்த நாள், இரு தீர்ப்புகள்

தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 ஒக்டோபரில் அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு தீர்ப்புகளை வழங்கிற்று. சட்டம் படித்தோர் இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

9ஆம் திகதித் தீர்ப்பு ஜொகனஸ்பேர்க் நகரின் வாடகைக் கட்டடமொன்றைப் பற்றியது. வீட்டுக்காரர் மின் கட்டணம் செலுத்தாமையால், வாடகையை ஒழுங்காகக் கொடுத்துவந்த குடியிருப்பாளரின் விளக்கும் அறிவித்தலின்றி அணைக்கப்பட்டது. கணக்கு யார் பெயரில் இருந்தாலும், விளக்கின் கீழ் வாழ்பவனுக்கு 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்தே தீரவேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. முன்னர் சொன்ன தாய்க்கு இது எத்துணை ஆறுதலான நீதி!

8ஆம் திகதித் தீர்ப்போ சொவெற்றோவின் பிரி என்னும் பகுதியில் பொருத்திய முற்பணத் தண்ணீர் மானி பற்றியது. மாதம் 6,000 லீற்றர் இலவசம். அது தீர்ந்தால், காசு போட்டாலொழிய, அடுத்த மாதம் வரை குழாய் வராது. அது சட்டப்படி செல்லும் என்றது அதே நீதிமன்றம். ஏன்? அது ‘துண்டிப்பு’ அன்றாம், தற்காலிக இடைநிறுத்தமாம். துண்டிப்பு இல்லையேல் துண்டிப்புக்கான முன்னறிவித்தலும் இல்லை.

இதுதான் நாம் உங்கள் முன் வைக்க வந்த ஒரே செய்தி. முற்பண மானி ஒரு கருவி மாத்திரமன்று. அது பொருத்தப்பட்ட நாளில் முன்னறிவித்தல், விசாரணை, தவணை என்னும் மூன்று கேடயங்களும் ஓசையின்றிக் கீழே விழுந்துவிடக்கூடும். ஆகவே மானி வருமுன் சட்டம் வரவேண்டும்.

நாம் கேட்பவை

முதலாவது, எந்த வீட்டிலும் இசைவின்றி முற்பண மானி பொருத்தலாகாது. இரண்டாவது, இரவிலும், விடுமுறை நாளிலும், நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டிலும் அது தானே அணையலாகாது. அவசரக் கடனலகு இருத்தல் வேண்டும். மூன்றாவது, முற்பணத்துக்கு அலகு விலை கூடலாகாது. பழைய நிலுவையைப் போடும் காசிலிருந்து பாதிக்குப் பாதி விழுங்கலாகாது. நான்காவது, நிலுவைக்குத் தவணை என்பது அதிகாரியின் தயவாக இராமல் பாவனையாளரின் உரிமையாக எழுதப்படவேண்டும்.

இவை நடவாத கனவுகள் அல்ல. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, துண்டிக்குமுன் 15 முழு நாட்கள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்கிறது. பட்டியலில் பிணக்கு உண்டானால், கேட்ட தொகையையோ கடந்த ஆறு மாதச் சராசரியையோ, எதிர்ப்பைப் பதிந்து கட்டினால், பிணக்குத் தீரும்வரை துண்டிக்கலாகாது என்கிறது.

இன்னுமொன்று. நம் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச அலுவலரிடமிருந்து தமிழில் கடிதம் பெறவும் தமிழில் எழுதவும் நமக்கு உரிமையுண்டு. வாசிக்க முடியாத அறிவித்தல் அறிவித்தலாகாது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்கலாகாது. பட்டியல்களைக் கோவையிட்டு வையுங்கள். மானியில் உள்ள இலக்கத்தையும் பட்டியலில் உள்ள இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். அறுபதாம் அலகு என்னும் எல்லைக்கோட்டை மறவாதீர்கள்: 2023 பெப்ரவரிக் கட்டணத்தில் 60 அலகுக்கு 2,560 ரூபாய், 61 அலகுக்கு 3,212 ரூபாய். ஒரே அலகுக்கு 652 ரூபாய்! விலைகள் பின்னர் மாறின. வரம்பு கடந்தால் முதல் அலகிலிருந்தே கூடிய விலை விழும் அந்த முறையை மறந்தவர் ஏமாறுவர். தோட்டத்துத் தண்ணீர் மோட்டாரை வீட்டு மானியில் பூட்டியிருப்போர் இதைச் சிந்திக்கவேண்டும்.

இறந்தோர் பெயரிலுள்ள கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சிவப்பு அறிவித்தல் வந்தால் ஒளித்து வையாதீர்கள். குறித்த நாளுக்கு முன் போய் இயன்றதைக் கட்டி, மிகுதிக்குத் தவணையை எழுத்தில் கேட்டுப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். நியாயம் கிடைக்காவிடில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். திருட்டுக் கம்பி மாத்திரம் கொளுவ வேண்டாம். அது உயிரையும் வாங்கும், நம் வாதத்தின் நேர்மையையும் வாங்கும். கட்டக்கூடியவர் கட்டியே ஆகவேண்டும். அவர் கட்டாதது மற்றவர் பட்டியலில் ஏறும்.

படித்தவர்களே, உத்தியோகத்தர்களே! ஆசிரியரும் எழுதுநரும் சட்டத்தரணியும் வாரம் ஒரு மாலை பள்ளிக்கூடத்தில் அமர்ந்து அயலவரின் அறிவித்தலை வாசித்து, கடிதம் எழுதிக் கொடுத்தால் எத்தனை விளக்குகள் அணையாது காக்கப்படும்! விவசாயப் பெருமக்களே! சங்கத்திலும் ஊர்ச் சேமிப்பிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பரீட்சை எழுதும் பிள்ளையுள்ள வீட்டுக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுங்கள். எழுவர் கொண்ட ஒரு குழுவை இந்தக் கூட்டத்திலேயே தெரிந்தெடுங்கள்; அதன் முதற் கடிதத்தை எழுத நாம் உடனிருப்போம்.

கடன் தீர்க்கப்படவேண்டும், அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் கடன் தீர்வதற்கு வழி வெளிச்சத்தில்தான் தெரியும். இருளில் எவரும் எந்தக் கணக்கையும் தீர்த்ததில்லை.