திரும்பி வந்த மாதிரி சொல்லித் தந்த பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கைவினைக் குழு சார்பில் பேசியது)



நான் சொல்லப்போறது ஜெயிச்ச கதை இல்லை. ஆனா மற்ற குழுக்களுக்கு உதவும்னு தலைவி சொன்னதால பேசறேன்.

வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்புற ஒருத்தர் எங்க குழுவிடம் மாதிரி கேட்டார். நோட்டு, வாழ்த்து அட்டை, மேசை விரிப்பு. எல்லாத்திலும் ஹவாய்த் தீவில் பூக்கும் லெஹுவா பூ இருக்கணும். பொருள் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாததா இருக்கணும். நாங்க என்ன செஞ்சோம்? ஹவாய்ப் பூன்னா செம்பருத்திதானேன்னு அஞ்சு இதழ் வரைஞ்சோம். பளபளப்பா இருக்கட்டும்னு அட்டைக்கு லேமினேஷன் போட்டோம். அத்தனையும் திரும்பி வந்தது. காகிதத்துக்கும் துணிக்கும் வாங்கின குழுக் கடன் மட்டும் நின்னது.

அதுக்கப்புறம்தான் அந்தப் பூவைப் பத்தித் தேடிப் படிச்சோம். லெஹுவாவில் இதழ் பார்வைக்கே வராது. நம்ம தூங்குமூஞ்சி மரத்துப் பூ மாதிரி, மெல்லிய இழைகள் குஞ்சமாக விரிந்திருக்கும். பெரும்பாலும் சிவப்பு, சிலது மஞ்சள். அது பூக்கும் மரத்தின் பெயர் ஓஹியா. நாவல், கொய்யா குடும்பத்து மரம். எரிமலைக் குழம்பு ஆறிக் கறுத்துக் கிடக்கிற பாறையில் முதலில் வேர் பிடிக்கிற மரங்களில் அதுவும் ஒன்று.

அந்த ஊர் மக்கள் ஒரு கதை சொல்வாங்க. ஓஹியா ஓர் இளைஞன். லெஹுவா அவன் விரும்பிய பெண். எரிமலைத் தெய்வமான பெலே அவன்மேல் ஆசைப்பட்டாள். அவன் மறுத்ததும் அவனை முறுக்கிய மரமாக்கிவிட்டாள். மற்ற தெய்வங்கள் இரக்கப்பட்டு, அந்தப் பெண்ணை அதே மரத்தில் பூவாக்கின. பூவைப் பறிச்சா இருவரும் பிரிஞ்சு அழுவாங்க, மழை வரும் என்பது நம்பிக்கை.

இப்போ அந்த மரத்துக்கே ஆபத்து. ஒரு பூஞ்சைதான் காரணம்னு 2014-ல் கண்டுபிடிச்சாங்க. மரத்தில் காயம்பட்ட இடம் வழியா அது உள்ளே போய், தண்ணீர் ஏறும் பாதையை அடைச்சுடும். இலை கருகி மரம் பட்டுப்போகும். லட்சக்கணக்கான மரங்கள் போயிடுச்சு. காட்டுக்குப் போறவங்க செருப்பு மண்ணைத் துலக்கி, 70 சதவீத ஆல்கஹால் தெளிக்கணும்னு சொல்றாங்க. ஹூலா நடனம் ஆடுறவங்க தலையில் லெஹுவா சூடுறது பழைய வழக்கம். அவங்களையே பறிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க.

இதைப் படிச்சப்போதான் எங்களுக்கு உறைச்சது. சூடிக்க முடியாத பூவை ஒரு நோட்டு அட்டையில் வெச்சுப் பார்க்க நினைக்கிறாங்க. அதுமேல போய் மக்காத பிளாஸ்டிக்கை ஒட்டியிருக்கோமே!

ஹவாய்ப் பெண்களின் கைவேலையையும் பார்த்தோம். மரப்பட்டையைத் தட்டிச் செய்யும் 'காபா' துணியில், மூங்கிலில் செதுக்கின அச்சால கோலம் பதிப்பாங்க. மெத்தை விரிப்புக்குத் துணியை எட்டாக மடிச்சு, ஒரே வெட்டாக வெட்டி, விரிச்சு, இன்னொரு துணிமேல தைப்பாங்க. ஒருத்தி போட்ட வடிவம் அவளுக்குச் சொந்தம். கேட்காம எடுக்கிறது தப்பு. அதனால அவங்க வடிவத்தை நாங்க காப்பி அடிக்கல. முறையை மட்டும் கத்துக்கிட்டு, பூவை நாங்களே வரைஞ்சோம்.

முதல்ல இழைகளை நெருக்கமா செதுக்கினோம். அச்சுக்கட்டையில் இழை முறிஞ்சது, மை அப்பி எல்லாம் ஒண்ணாயிடுச்சு. இருபது இழையாகக் குறைச்சதும் பூ பளிச்சுனு விழுந்தது. ஒரே சிவப்பு, அடியில் பாறைக்கு ஒரு கறுப்புப் பட்டை. பனியன் கம்பெனி வெட்டுத்துணியில் செஞ்ச கைக்காகிதம், தண்ணீரில் கரையும் மை, கம்பிச்சுருளுக்குப் பதில் நூல் தையல். மேசை விரிப்புக்கு எட்டு மடிப்பு வெட்டு. பொருளைச் சுத்தி அனுப்பக்கூட பிளாஸ்டிக் கவர் கிடையாது.

லேமினேஷன் செலவு மிச்சம். ஆனா நூல் தையலுக்கு நேரம் கூட ஆகுது. அந்தக் கூலியை விலையில் சேர்த்தோம். நம்ம கைவேலைக்கு நாமே கணக்கு எழுதலேன்னா வேற யாரும் எழுத மாட்டாங்க, சகோதரிகளே!

எந்தக் குழு எந்தப் பொருள் செஞ்சாலும் இந்த மூணு கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வெச்சுக்கோங்க. நாம வரையற பூவை நமக்குத் தெரியுமா? இந்த வடிவம் நம்முடையதா? பொருள் தேஞ்சு கிழிஞ்ச பிறகு எங்கே போகும்?

புது மாதிரியை அனுப்பியிருக்கோம். பதில் இன்னும் வரலை. வந்தாலும் வராட்டியும், அடுத்து நாவல் பூவை வரையறதுன்னு குழுவில் முடிவு பண்ணியிருக்கோம். அச்சுக்கட்டை செதுக்கக் கத்துக்க விரும்புறவங்க எந்தக் குழுவில் இருந்தாலும் எங்ககிட்ட வாங்க, சொல்லித் தர்றோம்.