அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர்

ஜெர்மனிக்கு ஆறு மாத இன்டர்ன்ஷிப் போகிற பிள்ளைகள், விசா கைக்கு வந்ததும் 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள்.

அங்கே குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். பாஸ்போர்ட் மட்டும் போதாது. 'இவர் இங்கேதான் குடியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. 2015 நவம்பரிலிருந்து இதுதான் சட்டம். வீடு பேசும்போதே அந்தத் தாளைக் கேட்டுவிடுங்கள். மழுப்புகிறாரா? அறை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பெர்லின் போன்ற பெரிய ஊர்களில் இதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதை இங்கிருந்தே இணையத்தில் பார்த்து வையுங்கள்.

பதிந்த பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும். சம்பளம் போட நிறுவனம் அதைக் கேட்கும். வேடிக்கை இங்கேதான். நம் ஊரில் 'பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, மாடி வீடு' என்று எழுதினாலே தபால்காரர் தேடிவந்து கொடுத்துவிடுவார். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண்ணே கிடையாது, பெயர்தான் அடையாளம். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். போன அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் பெயரெழுதி ஒட்டிவிடுங்கள்.

ஊர் திரும்பும்போது அந்தப் பதிவை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் செய்யலாம்.