அடிக்குறிப்பில் வாழும் குறிகள்



கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இலக்கிய வகுப்பு நடத்தும் நம்மில் பலர், சங்கப் பாட்டொன்றைத் தட்டச்சுச் செய்து மாணவர்க்குப் படியெடுத்துக் கொடுப்பது உண்டு. அவ்வேளையில் பாட்டின் அடியிலுள்ள சிற்றெழுத்துக் குறிப்புகளை விட்டுவிடுகிறோம். இடையிலுள்ள புள்ளிகளையும் சிலவேளை நீக்கிவிடுகிறோம். தாள் அழகாகத்தான் இருக்கிறது. அதனால் மாணவர் இழப்பது யாது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்கும் பொருள்.

உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு பதிப்பித்த புறநானூற்றை எடுத்துக்கொள்வோம். நானூறு பாட்டுகளுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகள் ஏடு சிதைந்தமையால் குறைவுற்றுள்ளன. அவ்விடங்களில் நிற்கும் புள்ளிகள், ‘இங்குச் சொற்கள் இருந்தன, அவை அழிந்தன’ என்று நமக்கு அறிவிக்கின்றன. புள்ளிகளை நீக்கி முன்பின் சொற்களை இணைத்தால், எப்புலவரும் பாடாத ஓர் அடி பிறந்துவிடும்.

ஐயர் பதிப்புகளின் அடிக்குறிப்பில் ‘பி-ம்.’ என்றொரு குறி வரும். அது ‘பிரதிபேதம்’ என்பதன் சுருக்கம். வேறு ஏட்டில் வேறு பாடம் உண்டு என்பது பொருள். பாடங்கள் வேறுபடுவதற்கு ஏட்டெழுத்தும் ஒரு காரணம். பண்டை ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகாரங்களுக்கு வடிவ வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். ஆகவே ‘கொ’ என்னும் ஒரே வடிவத்தைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் எனப் பலவாறு படிக்கலாம். எது பொருந்தும் எனத் தேர்ந்தவர் பதிப்பாசிரியர். தாம் தேராததையும் மறைக்காமல் அடியில் வைத்தார்.

விவிலியச் சுவடி ஆய்விலும் இம்முறையே முதிர்ந்து நிற்கிறது. ஜெர்மானிய அறிஞர் எபெர்ஹார்ட் நெஸ்லே 1898இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு, பலமுறை திருத்தப்பெற்று இன்றும் வழங்குகிறது. அதன் இன்றைய பதிப்புகளில் எபிரேய எழுத்தாகிய ‘ஆலெஃப்’ சீனாய்ச் சுவடியைச் சுட்டும். ‘ஏ’ அலெக்சாந்திரியச் சுவடியையும், ‘பி’ வத்திக்கான் சுவடியையும் சுட்டும். ‘பி’யின் அழகெழுத்து வடிவும் ஓர் எண்ணும் சேர்ந்து வந்தால் அது பாப்பிரஸ் ஏடு. குறியின் அருகே உடுக்குறி இருந்தால், திருத்தப்படுமுன் முதல் எழுத்தர் எழுதிய பாடம் அது.

இவ்வுடுக்குறியின் பயனுக்கு ஒரு சான்று காண்போம். கிரேக்க எழுத்தர்கள் ‘தேவன்’ என்னும் சொல்லை முதலெழுத்தும் ஈற்றெழுத்துமாகச் சுருக்கி, மேலே கோடு இடுவர். முதல் தீமோத்தேயு 3:16இல் வட்டத்தின் நடுவே ஒரு கோடும் எழுத்துகளின் மேலே ஒரு கோடும் இருந்தால் ‘தேவன்’. அவை இல்லையேல் ‘எவர்’. சீனாய்ச் சுவடியில் முதல் எழுத்தர் எழுதியது ‘எவர்’. பிற்காலத் திருத்துநர் அதனைத் ‘தேவன்’ ஆக்கினார். உடுக்குறியை அறியாதவர்க்கு இவ்விரு கைகளும் ஒன்றாகிவிடும்.

கத்தோலிக்கக் குருவும் தமிழறிஞருமாகிய தனிநாயக அடிகளார், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றியபோது, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இக்கோலாலம்பூரில் கூடியது. உலக ஆய்வு நெறிகளோடு தமிழை ஒப்பவைத்து நோக்கும் மரபு இந்நகருக்குப் புதிதன்று. அம்மரபைச் சிறு வகுப்பறையிலும் நாம் பேணலாம்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டா. படியெடுக்கும் தாளில் புள்ளிகளைக் காப்போம். எப்பதிப்பு, எவ்வாண்டு என்று கீழே எழுதுவோம். பாட்டுக்கு ஒரு பாடவேறுபாட்டையேனும் மாணவர்முன் வைத்து, ‘நீவிர் எதனைத் தேர்வீர்? ஏன்?’ என வினவுவோம். விடை பிழைபடினும் குற்றமில்லை. அச்சில் உள்ளது ஒருவர் ஆராய்ந்து எடுத்த முடிவு என்பதை அன்று அவர்கள் உணர்வார்கள்.